இதயத்தைப் பாடுவோர் கவனத்திற்கு

சென்ற மாதம் எங்கள் பகுதியில் நடைபெற்ற கவியரங்கு ஒன்றிலே பதினொரு கவிஞர்கள் பாடினர். அவர்களுள் ஒன்பதின்மர் இதயத்தைப் பாடினர். இதயம் உடைந்தது, உருகியது, பூத்தது; ஒருவருக்கு அது வீணையாயிற்று; மற்றொருவருக்கு வாடகை வீடாயிற்று. கூட்டம் கைதட்டியது. தமிழ் படிப்பிப்பவன் என்ற முறையில் முன்வரிசையில் இருத்தப்பட்ட நானும் தட்டினேன். நாங்கள் தட்டிக்கொண்டிருந்த வேளையில், அம்மேடையிலிருந்து கூப்பிடு தூரத்திலிருந்த ஒரு வீட்டில், தமது இதயம் செய்த காரியத்தால் வலக்கையும் வலக்காலும் விழுந்து, பேச்சும் இழந்து, ஒரு மனிதர் பாயிற் கிடந்தார். அவர் என் மாணவி ஒருத்தியின் தந்தை. அவருடைய இதயத்தைப் பற்றி ஒருவரும் பாடவில்லை. பாடியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவரிடம் யாரேனும் பேசியிருக்க வேண்டும் என்பதே என் வழக்கு.

அவருக்கு வயது 46. கரைவலை இழுப்பவர். எட்டு வயதில் அவருக்குத் தொண்டை நோவும், தொடர்ந்து காய்ச்சலும் முழங்கால் வீக்கமும் கண்டன. வாயு என்று கருதி எண்ணெய் பூசினார்கள், வீக்கம் இறங்கிற்று, எல்லாரும் மறந்தார்கள். முப்பதைத் தாண்டியபின் வலை இழுக்கையில் மூச்சு வாங்கத் தொடங்கியது. நாற்பதில், நெஞ்சுக்குள்ளே மடியில் அகப்பட்ட மீன் துள்ளுவது போல் இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னாராம். (எங்கள் ஒன்பது கவிஞரில் ஒருவரும் இவ்வுவமையை எட்டவில்லை.) பின்னர் தூரத்துப் பெரிய வைத்தியசாலை ஒன்றில் நோய் சரியாகவே கண்டறியப்பட்டது, சரியான குளிசையும் கொடுக்கப்பட்டது. அதனை ஒன்றரை ஆண்டு விழுங்கினார். பிறகு நிறுத்திவிட்டார். நிறுத்திய ஐந்தாம் மாதத்திலே ஒருநாள் விடியற்காலை, தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவ, மகளின் பெயரை அழைக்க வாயெடுத்து அழைக்க முடியாமல் விழுந்தார்.

ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். அவர் மனைவி சொன்ன விடையை அப்படியே தருகிறேன். “அது எலிக்கு வைக்கிற மருந்தாம் சேர். ஊருல எல்லாரும் சொன்னாங்க. முரசுல வேற ரத்தம் வந்திச்சு. பயந்துபோய் நிப்பாட்டிட்டாரு.”

நண்பர்களே, அந்த மருந்து எலிக்கு வைக்கப்பட்டது என்பது உண்மை. அந்த உண்மையின் மற்றப் பாதியை அவருடைய மொழியிலே அவருக்குச் சொல்ல ஒருவர் இல்லாமற் போனதே இங்கு நடந்த குற்றம். அக்குற்றத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், முதலில் நாம் பாடிப் பாடித் தேய்த்த அந்த உறுப்பு எத்தகையது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மூடிய கைமுட்டியளவான தசைப் பை அது. நாலறை கொண்டது. மேலிரண்டும் சோணையறைகள், கீழிரண்டும் இதயவறைகள். இச்சொற்களை நம் பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் மனனம் செய்து, பரீட்சைத் தாளில் எழுதி, மறந்துவிடுகிறார்கள். ஆயின் சோணை என்றால் என்ன? காதின் கீழே தொங்கும் மென்தசையை நம் ஊர்ப் பாட்டிமார் காதுச் சோணை என்பர். இலத்தீன் மொழியில் அவ்வறைக்குச் சிறு காது என்று பெயர் இருந்தது. நம் கலைச்சொல்லாக்கியோர் அதனைக் கேட்டு, பாட்டியின் காதிலிருந்து சொல்லைப் பறித்து இதயத்தில் வைத்தனர். இத்தகைய சொல்லைச் செய்தவர்களை நான் வணங்குகிறேன். இடச் சோணையறையின் ஓரத்தில் பெருவிரல் அளவில் ஒரு சிறு பை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உண்மையிலேயே காதுபோன்றது அதுதான். நம் கதையின் கொலையாளி பதுங்கியிருக்கும் மூலையும் அதுவே.

வலச் சோணையறையின் மேற்புறத்தில், பெருநாளம் வந்து சேருமிடத்தில், ஒரு சிறு கலத்திரள் உண்டு. 1907இல் ஆதர் கீத் என்பவரும் மாட்டின் பிளாக் என்ற இளம் மருத்துவ மாணவரும் அதனைக் கண்டறிந்தனர். அங்கிருந்தே துடிப்பின் கட்டளை பிறக்கிறது. நிமிடத்துக்கு அறுபது முதல் நூறு முறை பிறக்கும் அச்சிறு மின்னலை இரு சோணையறைகளிலும் பரவி அவற்றைச் சுருங்கச் செய்கிறது. பின் நடுவிலுள்ள ஒரு கணுவிலே நொடிப்பொழுது தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. அத்தாமதம் வீணன்று. மேலறை தன்னிடமுள்ள குருதியைக் கீழறைக்குள் முழுதும் தள்ளி முடிப்பதற்கான அவகாசம் அது. அந்தக் கணுவை 1906இல் விளக்கியவர் ஜெர்மனியில் பயின்ற சுனாவோ தவாரா என்னும் ஜப்பானியர்.

இவ்வொழுங்கு கெட்டால் என்னாகும்? ஒரு கட்டளைக்குப் பதிலாக நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையான சிதறிய அலைகள் சோணையறைச் சுவரிலே சுழல்கின்றன. அவ்வறை சுருங்குவதில்லை, துடிப்பதுமில்லை, நடுங்குகிறது. வைத்தியர்கள் இதனை ஏற்றியல் பிப்ரிலேசன் என்பர். நாம் சோணை நடுக்கம் என்போம். நடுவிலுள்ள கணு, வந்து மோதும் அலைகளிற் பலவற்றைத் தடுத்து, சிலவற்றை மட்டும், அதுவும் எவ்வித முறையுமின்றி, கீழே விடுகிறது. ஆகவே மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி தாறுமாறாக ஓடும். யாப்புப் படித்தோர்க்கு இதனை எளிதிற் சொல்லலாம். ஒரு வெண்பாவிலே ஓரிடத்தில் தளை தட்டினால் நாம் கண்டுபிடித்துவிடுவோம், அத்தகைய இடறல் சுகதேகிகளின் நாடியிலும் எப்போதாவது உண்டு, அஞ்சத்தக்கதன்று. இதுவோ எந்தச் சீரும் அடுத்த சீரோடு சேராத நடை. தளை என்பதே இல்லாதது. புதுக்கவிதைக்கு அது பொருந்தலாம், இதயத்துக்குப் பொருந்தாது.

நடுங்கும் அறையிற் குருதி தேங்குகிறது. ஓடாத நீரிற் பாசி பிடிப்பதுபோல், தேங்கிய குருதி அந்தச் சிறு காதுப் பையிலே உறைகிறது. உறைந்த கட்டி ஒருநாள் கழன்று, இருகூர் வால்வைக் கடந்து, இடது இதயவறையால் உந்தப்பட்டு, பெருநாடி வழியாகக் கழுத்து நாடியில் ஏறி மூளையிற் போய் அடைக்கிறது. மூளையின் இடப்பக்கத்தில் அடைத்தால் வலப்பக்கம் விழும். பெரும்பாலும் பேச்சும் போகும். பாரிசவாதம் என்று நாம் சொல்லும் அந்தப் பேரிடி, காற்றினாலோ கண்ணூறினாலோ வந்ததன்று. நெஞ்சிலிருந்து தலைக்கு ஏறிய ஓர் உறைகட்டியினால் வந்தது. வள்ளுவர் நெஞ்சொடு கிளத்தல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். என் மாணவியின் தந்தைக்கு நெஞ்சு கிளத்திய காலம் நீண்டது, கேட்கத்தான் ஆளில்லை.

இந்நோயின் அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அறிவு மாளிகைகளில் மட்டும் பிறப்பதாக நினைப்போர் நம்மிடையேயும் உளர். இங்கிலாந்தில் பேர்ன்லி என்ற பஞ்சாலை நகரம். அங்கே 1879 முதல் சாதாரணக் குடும்ப வைத்தியராகத் தொழில் புரிந்தவர் ஜேம்ஸ் மக்கென்சி. ஆலைத் தொழிலாளரையும் அவர்தம் மனைவியரையும் ஒருநாள் பார்த்து அனுப்பிவிடாமல், ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார். மணிக்கட்டு நாடியையும் கழுத்து நாளத்தின் அசைவையும் ஒருங்கே தாளில் வரையும் கருவியொன்றை அமைத்தார். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட ஒரு நோயாளியின் கழுத்து நாளத்தில், சோணையறை சுருங்குவதைக் காட்டும் அலை ஒருநாள் மறைந்துபோயிற்று. அன்று முதல் நாடி தாறுமாறாயிற்று. அவர் அதைக் குறித்துவைத்தார். 1902இல் நாடி பற்றிய தமது நூலை வெளியிட்டார். பின்னர் 1909இல், ஐந்தோவனின் மின்னிதய வரைபுக் கருவியைக்கொண்டு இந்நாடிக்குக் காரணம் சோணையறையின் நடுக்கமே என்று லண்டனில் தோமஸ் லூயிஸ் நிறுவினார். அதே ஆண்டில் வியன்னாவிலும் இருவர் அம்முடிவுக்கு வந்தனர். கருவி பின்னால் வந்தது. முதலில் வந்தது ஒரு தொழிலாளியின் கழுத்தைப் பல ஆண்டு பார்த்துக்கொண்டிருந்த கண்.

மருந்தின் வரலாறு இதனினும் விந்தையானது. 1920களில் வட அமெரிக்கப் புல்வெளிகளில் மாடுகள் குருதி கசிந்து மாண்டன. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலே காரணமென்று தெரிந்தது. ஆயின் புதிய தீவனம் வாங்க உழவருக்கு வழியில்லை. 1933ஆம் ஆண்டு பெப்ரவரிப் பனிப்புயலில் விஸ்கொன்சின் மாநில உழவர் ஒருவர், செத்த பசுவையும் உறைய மறுத்த குருதி நிறைந்த பாற்கலனையும் ஏற்றிக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் கதவைத் தட்டினார். அந்தப் பாற்கலனிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியே வார்பரினில் முடிந்தது. 1948இல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது; 1954 முதல் மனிதருக்கும் மருந்தாயிற்று; 1955இல் மாரடைப்புக் கண்ட அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதுவே கொடுக்கப்பட்டது. உறைகட்டி தோன்றாதபடி குருதியின் உறையுந் தன்மையை அது அளவோடு குறைக்கிறது. சோணை நடுக்கமுடையோரிற் பாரிசவாதம் வருவதை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தடுக்கிறது. எலி மருந்து என்று ஊரார் சொன்னபோது, “ஆம், அளவு மிஞ்சினால் எலியையும் கொல்லும், அளவோடு எடுத்தால் உன்னைக் காக்கும், அந்த அளவைப் பார்ப்பதற்கே மாதந்தோறும் குருதி எடுக்கிறோம், முரசிற் குருதி கண்டால் நீயாக நிறுத்தாதே, உடனே எம்மிடம் வா” என்று நாலு வாக்கியம் தமிழில் சொல்லியிருந்தால் அவர் இன்று வலை இழுத்துக்கொண்டிருக்கக் கூடும்.

நாலு வாக்கியம்! என்னை மிகைப்படுத்துவோன் என்று நினைப்பவர்கள் வார்பரினின் இயல்பை அறிய வேண்டும். பல மருந்துகள் பேச்சின்றி வேலை செய்யும், இது அப்படியன்று. ஐ.என்.ஆர். என்னும் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். இரண்டுக்குக் கீழே உறைகட்டி. மூன்றுக்கு மேலே ஏற ஏறக் குருதிக் கசிவு. முருங்கையிலையும் பொன்னாங்காணியும் அந்த எண்ணை இறக்கும். அவற்றை விலக்க வேண்டியதில்லை, ஒரே அளவாக உண்ண வேண்டும். நோவுக்குக் கடையில் வாங்கும் மாத்திரை கசிவைக் கூட்டும். நாட்டு மருந்தும் சாராயமும் கணக்கைக் குழப்பும். தூண்டில் முள் கிழித்தால் என்ன செய்வது? ஒருவேளை மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்கலாமா? கூடாது. இத்தனையும் மருந்தின் பகுதியே. சொல் இல்லாத வார்பரின் பாதி வார்பரின்தான்.

அவருடைய கிளினிக் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஓரிடத்திற் சிங்களத்தில் ஒரு முத்திரை. முழுப் புத்தகத்திலும் தமிழில் இருந்தவை அவருடைய பெயரும், அதுவும் எழுத்துப் பிழையோடு, ஊரின் பெயரும். அவர் ஐந்தாம் வகுப்புவரை தமிழிற் படித்தவர், வாசிக்கத் தெரிந்தவர். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பில் ஏறிய மொழி அவருடைய கிளினிக் புத்தகத்தில் ஏறவில்லை. அதை எழுதிய இளம் டொக்டரை நான் குறை கூறவில்லை. ஒரு காலைப்பொழுதில் அவர் முன் நிற்கும் வரிசையை நான் கண்டேன். அவருக்கும் உதவ ஆளில்லை.

மருத்துவத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது, அதற்குச் சொல் உண்டா என்று கேட்கும் கனவான்களுக்கு ஒரு செய்தி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கினார். 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெரிய உடற்கூற்று நூல் தமிழில் அச்சாயிற்று. சமயம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் தமிழில் எழுதி ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதன்பின்னர் ஒரு தமிழ்ப் பேச்சாளன் தன் குளிசையின் பெயரறியாமற் கிடப்பதற்கு மொழியின் வறுமையைக் காரணம் காட்டுவது நகைப்புக்கிடமானது.

மொழியோடு முடிந்ததா? இல்லை. சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளம் களப்பைச் சுற்றிக்கொண்டு நுரைச்சோலை, தலவில், கற்பிட்டி வரை நீளும் இக்கரையை வரைபடத்திற் பாருங்கள். கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகருக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல். குருதி கொடுக்க விடியற்காலைப் பஸ் ஏற வேண்டும். முடிவு பிற்பகலில் வரும். அன்றைய வலையின் பங்கு போயிற்று. பங்கு போனால் அடுப்பு எரியாது. இதைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். இக்கரை மக்களிற் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் சென்று வாடி கட்டித் தொழில் புரிவர். மீன் காற்றைத் தொடர்கிறது. மனிதன் மீனைத் தொடர்கிறான். கிளினிக் நாட்காட்டியோ அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. ஒரு மாதக் குளிசையோடு நாலைந்து மாதம் போகிறவன் ஒழுங்கில்லாத நோயாளி என்று ஏசப்படுகிறான். ஒழுங்கில்லாதது அவனா, காற்றை அறியாத அந்த நாட்காட்டியா?

நுரைச்சோலையில் 900 மெகாவாட் மின்சாரம் ஆக்கவல்ல நிலக்கரி நிலையத்தைக் கட்ட முடிந்தது. அதன் புகைக்கூண்டு களப்பின் அக்கரையிலிருந்தும் தெரிகிறது. விரல்நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதியில் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் கைக்கருவி உலகிற் பல ஆண்டுகளாக உண்டு. ஒரு தாதி அதனைக் கைப்பையிற் கொண்டு போகலாம். மின்நிலையத்துக்கு வழி கண்ட நாட்டுக்கு, கரையோரச் சிற்றூர் வைத்தியசாலைதோறும் அக்கருவி ஒன்றை வைக்க வழி காணமுடியாதா?

நோய் முளைத்த இடத்தையும் மறக்கலாகாது. வளர்ந்த நாடுகளிலும், இப்போது நம் நகரங்களிலும், சோணை நடுக்கத்தின் பெருங்காரணங்கள் முதுமையும் உயர் குருதியமுக்கமும். ஆனால் நாற்பதுகளில் ஒருவன் விழுகிறானென்றால், அவனது எட்டாம் வயதைக் கேட்க வேண்டும். நெருக்கமாக வாழும் வீடுகளில் பிள்ளைக்குப் பிள்ளை தாவும் ஒருவகைக் கிருமியின் தொண்டைப் புண் அது. மருந்திடாவிட்டால், சில பிள்ளைகளில் வாதக் காய்ச்சலாகி மூட்டை நக்கி இதயத்தைக் கடிக்கிறது. இருகூர் வால்வு தடித்து வாய் ஒடுங்குகிறது. பின்னாலுள்ள சோணையறை வீங்குகிறது. பல ஆண்டு கழித்து நடுங்குகிறது. இவ்வாறு வால்வு ஒடுங்கியவனுக்கு நடுக்கமும் சேர்ந்தால், பாரிசவாத அபாயம் மற்றவரினும் பதினேழு மடங்கு என்று அமெரிக்காவின் பிராமிங்ஹாம் ஆய்வு 1978இலேயே காட்டியது. இதன் தொடக்கத்தை வெட்டும் வாள் பெனிசிலின். மிகப் பழைய மருந்து, மிக மலிவான மருந்து. ஒருமுறை காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுவந்தால் வால்வு காக்கப்படும்.

இந்நாட்டில் வாதக் காய்ச்சல் முன்னைவிடக் குறைந்துள்ளது. அது இலவச மருத்துவத்தின் வெற்றி. அதை நாம் பெருமையோடு சொல்ல வேண்டும். ஆயின் இக்கரையின் அண்மைக்கால வரலாறு வேறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் வந்து தங்கியது புத்தளம் மாவட்டத்தில். ஓலைக் கொட்டில்களில், ஒரே அறையில் ஏழெட்டுப் பேராய், ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். அன்று அக்கொட்டில்களில் தொண்டை நொந்த பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயது. அவர்களின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டவர் எத்தனை பேர்?

இனி, என்னிடம் ஒரு படித்த நண்பர் சொன்ன மறுப்பு: “இதெல்லாம் பழங்கதை. இப்போது புதிய மருந்துகள் வந்துவிட்டன. குருதிச் சோதனையே வேண்டாம். நடுங்கும் இடத்தைக் கம்பி விட்டுச் சுட்டுவிடுகிறார்கள்.” உண்மைதான். 1998இல் பிரான்சில் போர்தோ நகரத்து ஐசகேர் குழுவினர், நடுக்கத்தைத் தூண்டும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் நாளங்களின் வாயிலிருந்தே கிளம்புகின்றன என்று காட்டினர். அன்று முதல் அவ்வாயைச் சுற்றிச் சுட்டு வேலி இடும் சிகிச்சை வளர்ந்தது. பலருக்கு நன்மை செய்கிறது. ஐ.என்.ஆர். வேண்டாத புதிய குளிசைகளும் 2009 முதல் ஆய்வில் வெற்றி கண்டன. வால்வு நோயில்லாத முதியோருக்கு அவை பெருவரம். அவற்றை அரசு வைத்தியசாலைகளில் தட்டின்றிக் கொடுக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கையே. ஆனால் ஏழையின் வாத இதயத்துக்கு? ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் 24 நாடுகளில், நாலாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வாத இதய நோயாளரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. புதிய குளிசையான ரிவரொக்சபானை எடுத்தவர்களைவிட, வார்பரின் வகையை எடுத்தவர்களே குறைவாக இறந்தனர். எலி மருந்து வென்றது! ஆகவே புதுமையைக் காட்டிக் கிளினிக்கைக் கட்டாமல் தப்பிக்க முடியாது. குருதி எடுக்கத்தான் வேண்டும், பேசத்தான் வேண்டும்.

நகரத்துத் தனியார் விளம்பரங்கள் வேறு. சிவப்பு நிறத்தில் வெற்றிலை வடிவ இதயத்தை வரைந்து, முழுப் பரிசோதனை இத்தனை ஆயிரம் என்று அச்சிடுகிறார்கள். மருந்து வணிகத்துக்கு எதிராக இந்நாட்டில் ஒரு பாதை வெட்டப்பட்டது என்பதை நம் மாணவர் அறிவார்களா? மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து தந்த அறிக்கையின் பயனாக, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகளை 600 ஆகச் சுருக்கி, வணிகப் பெயரை விட்டு மருந்தின் பெயராலேயே வாங்கச் செய்தார்கள். அப்பாதை பின்னர் புல் மண்டியதையும், 2022 நெருக்கடியில் வைத்தியசாலை மருந்தலுமாரிகள் வெறுமையானதையும் நாம் கண்ணாற் கண்டோம். தாறுமாறான இதயத்தை ஒரு மின்னதிர்ச்சியால் ஒழுங்குக்குக் கொணரும் முறையை 1962இல் வகுத்த பேர்னாட் லவுன் என்பாரே, சோவியத் வைத்தியர் சாசோவுடன் சேர்ந்து அணுப் போருக்கு எதிராக வைத்தியர்களைத் திரட்டினார். அவ்வமைப்புக்கு 1985இல் சமாதான நோபல் கிடைத்தது. இதயத்தை அறிந்தவர்கள் இதயத்தோடு நின்றுவிடவில்லை.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நாடி பார்ப்பது நம் மரபு. மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், சேத்துமம் என்று வகுத்தவர்கள் நாம். இன்று கருவிக்குக் காத்திருந்து விரலை மறந்தோம். 2007இல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து ஆய்வு, 50 மருத்துவ நிலையங்களில் 65 வயதைக் கடந்தவர்களிடையே நடந்தது. வேறு காரியமாக வந்தவரின் நாடியை விரலாற் பார்த்து, ஐயமுள்ளவருக்கு மட்டும் மின்வரைபு எடுத்த முறை, எல்லாரையும் அழைத்து மின்வரைபு எடுத்த முறைக்குச் சற்றும் குறையாமல் சோணை நடுக்கத்தைக் கண்டுபிடித்தது. விரல் இலவசம். அதற்குப் பஸ் வேண்டாம்.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். யாப்பிலக்கணப் பாடத்தன்று, என் பத்தாம் வகுப்பு மாணவரை ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் விரல் வைக்கச் சொன்னேன். சீர் பிரித்துக் கேளுங்கள் என்றேன். பின் வீட்டுக்குப் போய், சம்மதம் கேட்டு, பாட்டன் பாட்டியரின் நாடியை ஒரு நிமிடம் எண்ணி வரச் சொன்னேன். அதிபர் சற்று முகஞ்சுளித்தார். சிலபஸ் முடியவில்லை என்றார். முடியவில்லைதான்.

மறுநாள் முப்பத்திரண்டு பேரும் எண்ணோடு வந்தார்கள். ஒரு பையன் மட்டும் எண் இல்லாமல் வந்தான். மூன்று முறை எண்ணினானாம். மூன்று முறையும் வேறு வேறு. “அம்மம்மாட நாடியில தளையே இல்ல சேர்” என்றான்.

அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். கிழவி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். விரல் வைத்தேன், பையன் சொன்னது சரி. பெரிய வைத்தியசாலையில் மின்வரைபு எடுக்க அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் விடியற்காலை நாலரை மணிக்கு. அவளோடு போய், டொக்டர் சொல்வதைக் கேட்டு, அதைத் தமிழில் அவளுக்கும், அவள் சொல்வதைச் சிங்களத்தில் டொக்டருக்கும் சொல்லப்போகிறவன் அந்தப் பதினைந்து வயதுப் பையன்தான். வியாழக்கிழமை அவனுக்குத் தவணைப் பரீட்சை, பாடம் தமிழ். வினாத்தாளை நான்தான் தயாரித்தேன். அவனுக்கென்று இன்னொரு தாளைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.